சாம்பியன்கள் தேர்ந்த வழிகள்

தமிழகத்திலிருந்து கேரளத்துக்குள் நுழைய மேற்குத் தொடர்ச்சி மலை சில வழிகளை மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. வாளையார் வழியே செல்வோருக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் சமவெளியாக விரிந்து கிடக்கிறது. போடிமெட்டு வழியே இடுக்கிக்கு ஏறுவோருக்கோ கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர வேறு வழியில்லை. இவற்றுள் எது சிறந்த வழி என்று லாரி ஓட்டுநர் ஒருவரைக் கேட்டால், எங்கே போக வேண்டும், என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார்.

சதுரங்கத்தில் ‘ஓப்பனிங்’ எனப்படும் தொடக்க ஆட்டமும் இத்தகையதே. டி. குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, குமுளி எனத் தமிழ் வழங்கும் எல்லையோர ஊர்களிலும் சதுரங்கப் பலகைகள் பெருகியிருக்கின்றன. வங்கிக்கு வரும் பெற்றோரின் பேச்சில் கல்விக் கட்டணத்தோடு சதுரங்கப் பயிற்சிக் கட்டணமும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. எந்த ஓப்பனிங்கைக் கற்பித்தால் பிள்ளை வெல்லும் என்பதே அவர்களுள் பலர் கேட்கும் கேள்வி. தோட்டத் தொழிலிலும் வேளாண்மையிலும் ஈட்டிய பணம் செலவாகிற இடம் இது. ஆகவே அக்கேள்விக்குச் சாம்பியன்களின் வரலாற்றிலேயே விடை தேடிப் பார்ப்போம்.

இருபதும் நானூறும்

ஆட்டத்தின் முதல் நகர்வில் வெள்ளைக் காய்களை ஆடுபவருக்கு 20 வழிகள் உள்ளன. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ நகரலாம், ஆக 16. இரு குதிரைகளும் தலா இரண்டு இடங்களுக்குத் தாவலாம், ஆக 4. கறுப்புக்கும் அதே 20 உண்டு. ஆளுக்கொரு நகர்வு முடியும்போதே பலகையில் 400 வெவ்வேறு நிலைகள் தோன்றக்கூடும். அடுத்தடுத்த நகர்வுகளில் இந்த எண்ணிக்கை பெருகும் வேகம் கூட்டுவட்டியையும் விஞ்சியது.

இத்தனை வழிகளில் பயனுள்ளவற்றை ஐந்து நூற்றாண்டுகளாக ஆட்டக்காரர்கள் ஆராய்ந்து பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். நடுக்கட்டங்களைக் கைப்பற்றுதல், குதிரைகளையும் மூலைவாட்டில் செல்லும் மந்திரிகளையும் விரைந்து வெளிக்கொணர்தல், கோட்டை கட்டி ராஜாவைக் காத்தல் ஆகிய மூன்றுமே எல்லாத் தொடக்கங்களுக்கும் பொதுவான நோக்கங்கள். வழிதான் வேறுபடும். 1561-இல் சதுரங்க நூலொன்றை வெளியிட்ட ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயரால் ஒரு தொடக்கம் இன்றும் வழங்குகிறது. சிசிலியன், பிரெஞ்சு, பெர்லின் என ஊர்ப் பெயரையும் நாட்டுப் பெயரையும் தாங்கியவை பல. அவற்றுள் நம் நாட்டின் பெயரைத் தாங்கியவையும் உண்டு.

இந்தியப் பெயரின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் வாழ்ந்தார். ஐரோப்பாவில் பெயர் பெற்ற சதுரங்க வீரர் அவர். அவருக்கு ஈடுகொடுத்து ஆட நகருக்கு வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர் மகேஷ் சந்திர பானர்ஜி. நம் நாட்டில் வழங்கிய பழைய முறைப்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அம்முறையில் பழகிய கைகளுக்கு, தொடக்கத்திலேயே நடுவில் மோதுவதைவிட, காய்களைப் பின்னணியில் ஒழுங்குபடுத்திக்கொண்டு காத்திருப்பதே இயல்பு.

பானர்ஜி கறுப்புக் காய்களுடன் ஆடும்போது, குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அவ்விடத்தில் மந்திரியை நிறுத்தினார். எதிராளி நடுக்கட்டங்களைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு தூரத்திலிருந்து தாக்குவோம் என்பது அதன் உட்பொருள். அக்கால ஐரோப்பியர் கண்ணுக்கு அது முறையற்ற ஆட்டமாகவே தெரிந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் காக்ரேனே வென்றதும் அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியிருக்கும்.

ஆனால் 1920-களில் புதிய சிந்தனையாளர்கள் அதே கருத்தைக் கையில் எடுத்தபோது, ‘இந்தியத் தடுப்பாட்டங்கள்’ என்ற பெயர் நிலைபெற்றது. 1922-இல் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அறிமுகப்படுத்தியதாகக் கருதப்பட்டு அவர் பெயரையே பெற்ற தடுப்பாட்டத்தை, 1855-லேயே பானர்ஜி காக்ரேனுக்கு எதிராக ஆடியிருக்கிறார். கேரி காஸ்பரோவ் 1980-களில் அனடோலி கார்போவுடன் நடத்திய உலக சாம்பியன் போட்டிகளிலும் அந்தக் குரூன்ஃபெல்ட் இடம்பெற்றது. கல்கத்தாவுக்கு வெளியே இருந்து வந்த ஒருவரின் பழக்கம், ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் உலக அரங்கின் ஆயுதமாயிற்று. ஒரு தொடக்கத்தின் மதிப்பை அதன் பெயரோ பிறந்த இடமோ தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவே நல்ல சான்று.

ஒரே வழியில் முப்பத்திரண்டு முறை

1927-இல் புவனஸ் அயர்ஸ் நகரில் கபாபிளாங்காவும் அலெகைனும் உலக சாம்பியன் பட்டத்துக்காக மோதினர். அதற்கு முன் அலெகைன் ஒருமுறைகூடக் கபாபிளாங்காவை வென்றதில்லை. மொத்தம் நடந்த 34 ஆட்டங்களில் 32 ஆட்டங்கள், ராணியின் முன்னிருக்கும் சிப்பாயில் தொடங்கும் ‘குயின்ஸ் காம்பிட்’டை ஏற்க மறுக்கும் ஒரே தொடக்கத்தில் அமைந்தன. இருவருக்கும் வழி ஒன்றே. நூலறிவும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் 6 வெற்றி, 3 தோல்வி, 25 சமன் என்ற கணக்கில் அலெகைன் பட்டத்தைக் கைப்பற்றினார். அந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கும் நடு ஆட்டத்தை ஆழமாக உணர்ந்திருந்ததே அவருக்குக் கைகொடுத்தது.

1972-இல் ரெய்க்யவிக்கில் பாபி பிஷர் இதற்கு மாறான பாடத்தைக் கற்பித்தார். ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியே வெள்ளையாட்டத்தைத் தொடங்குபவர் என்று உலகமே அவரை அறிந்திருந்தது. ஆறாவது ஆட்டத்தில் அவர் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, மந்திரியின் முன்னிருந்த சிப்பாயை நகர்த்தி, போரிஸ் ஸ்பாஸ்கி நன்கு பழகியிருந்த குயின்ஸ் காம்பிட் களத்துக்கே ஆட்டத்தைக் கொண்டுசென்று வென்றார். தோற்ற ஸ்பாஸ்கியே அந்த ஆட்டத்துக்குக் கைதட்டினார்.

2000-இல் லண்டனில் விளாடிமிர் கிராம்னிக் காஸ்பரோவை வீழ்த்திய முறை இன்னும் வியப்பானது. பழமையானதென்று பலர் ஒதுக்கியிருந்த பெர்லின் தடுப்பாட்டத்தை அவர் தூசி தட்டி எடுத்தார். அதன் முக்கிய வழியில் எட்டாவது நகர்விலேயே இரு ராணிகளும் களம் நீங்கிவிடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையையும் இழந்துவிடும். ஏட்டளவில் கறுப்புக்குக் குறையாகத் தோன்றும் நிலை அது. ஆனால் ராணிகள் இருந்து தாக்குதல் மூள வேண்டும் என்பதே காஸ்பரோவின் பலம். அந்தப் பலத்துக்கு வேலையே இல்லாத இடத்துக்குக் கிராம்னிக் அவரை அழைத்துச் சென்றார். 15 ஆட்டங்களில் காஸ்பரோவ் ஒன்றில்கூட வெல்லவில்லை, 8.5–6.5 என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.

ஆனந்த் கற்றதும் கற்பித்ததும்

மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தொடக்க ஆட்டம் பற்றிய மிகக் கடினமான பாடம் அவருக்கு 1995-இல் நியூயார்க்கில் கிடைத்தது. காஸ்பரோவுடன் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107-ஆவது மாடியில் ஆடிய அந்தப் போட்டியில் முதல் எட்டு ஆட்டங்களும் சமனில் முடிந்தன. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார்.

பத்தாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்த், ஆறாவது ஆட்டத்தில் தாம் சமன் செய்திருந்த அதே ரூய் லோபஸ் வழியில் மீண்டும் சென்றார். அவ்வழியில் காஸ்பரோவ் இடைப்பட்ட நாட்களில் யானையையே பலிகொடுக்கும் புதிய திட்டத்தை வீட்டிலேயே ஆய்ந்து வைத்திருந்தார். ஆனந்த் பலகையின் முன் அமர்ந்து சிந்திக்க வேண்டியிருந்த நகர்வுகளை அவர் சற்றும் தயங்காமல் ஆடி வென்றார். அடுத்த ஆட்டத்தில் டிராகன் எனப்படும் சிசிலியன் வகையைக் கையாண்டு மீண்டும் வென்றார். இறுதிக் கணக்கு 10.5–7.5. எதிராளி முன்கூட்டியே அறிந்துவிட்ட வழி, எவ்வளவு நல்ல வழியானாலும், ஆபத்தானதே என்பதை அப்போட்டி காட்டியது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது ஆனந்த் இந்தப் பாடத்தை எதிராளியின் பக்கம் திருப்பினார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் ராஜாவின் சிப்பாயைக் கொண்டே ஆட்டத்தைத் தொடங்கிவந்த அவர், அப்போட்டியில் ராணியின் சிப்பாயை முன்னகர்த்தினார். கிராம்னிக்கின் பல மாத ஆயத்தத்தில் பெரும்பகுதி இதனால் பயனற்றுப் போயிற்று. கறுப்புக் காய்களுடன் ஆடியபோதோ, மெரான் எனப்படும் கூர்மையான வழியைத் தேர்ந்து, மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் வென்றார். ஒருமுறை தோற்ற வழியிலேயே கிராம்னிக் மீண்டும் நுழைந்து மீண்டும் தோற்றார் என்பது கவனிக்கத்தக்கது. 6.5–4.5 என்ற கணக்கில் ஆனந்த் பட்டத்தைக் காத்தார். தாம் நன்கறிந்த வழியை விட்டுவிட அவருக்கு இருந்த துணிவே அங்கு முதலீடு.

2010-இல் சோபியாவில் வெஸலின் டோபலோவுடன் நடந்த போட்டிக்கு, ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோனதால், ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியாகவே ஆனந்த் பயணம் செய்தார். பதினொரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமநிலையில் இருந்தனர். பன்னிரண்டாவதும் இறுதியுமான ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. அவர் தேர்ந்தது லாஸ்கர் தடுப்பாட்டம். 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த எமானுவேல் லாஸ்கரின் பெயரைத் தாங்கியது அது. காய்களை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை எளிமையாக்கும் அமைதியான வழி. வெற்றியை நாடிய டோபலோவ் தம் ராஜாவைச் சுற்றியிருந்த காவலைத் தாமே திறந்துவிட, ஆனந்த் 6.5–5.5 என்று வென்றார். நூறாண்டுப் பழமை அவ்வழியின் மதிப்பைக் குறைக்கவில்லை.

2013-இல் சென்னையில் நடந்த போட்டியில் ஆனந்த் மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அதிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு. கார்ல்சன் தொடக்கத்தில் பெரிய புதுமை எதையும் தேடவில்லை. ஆடத்தக்க நிலை ஒன்று கிடைத்தால் போதும் என்று கருதினார். ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களை அவர் வென்றது, பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சிய இறுதிக் கட்டத்தில்தான்.

குகேஷின் பதினான்கு ஆட்டங்கள்

2006-இல் சென்னையில் பிறந்த குகேஷ், சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை எதிர்த்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். வெள்ளைக் காய்கள் அவருடையவை. டிங் எடுத்தது பிரெஞ்சுத் தடுப்பாட்டம். மூன்றாவது ஆட்டத்தில் குயின்ஸ் காம்பிட் வழியில் வென்று கணக்கைச் சமன் செய்தார். பதினொன்றாவதில் குதிரையை முதலில் நகர்த்தும் ரெட்டி தொடக்கத்தில் வென்று முந்தினார். பன்னிரண்டாவதில் மீண்டும் தோற்றார். பட்டம் ஊசலாடிக்கொண்டிருந்த பதின்மூன்றாவது ஆட்டத்தில், முதல் ஆட்டத்தில் தம்மை வீழ்த்திய அதே பிரெஞ்சுத் தடுப்பாட்டத்தை அவர் மீண்டும் எதிர்கொள்ள நேர்ந்தது. இம்முறை 69 நகர்வுகள் ஆடிச் சமன் செய்தார்.

டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு. தொடக்கத்தில் எவருக்கும் பெரிய ஆதாயம் இல்லை. யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி என நின்ற இறுதிக் கட்டத்தில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் மாற்றிக்கொள்ளப்பட்டால் எஞ்சும் சிப்பாய்களின் ஆட்டம் தமக்கே என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார். 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. 7.5–6.5 என்ற கணக்கில் 18 வயதில் உலக சாம்பியன்.

அவருடைய பயிற்சியாளரான கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, வளரும் பருவத்தில் நெடுநாள் அவரைக் கணினி நிரல்களின் துணையின்றியே பயிற்றுவித்தார். இயந்திரம் காட்டும் நகர்வை மனப்பாடம் செய்வதற்கு முன், சொந்தமாகக் கணக்கிடும் ஆற்றல் வேரூன்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். 55-ஆவது நகர்வில் பயன்பட்டது அந்த ஆற்றலே.

எல்லையோரக் குடும்பங்களுக்கு

இனி நம் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். மேற்கண்ட சாம்பியன்கள் அனைவரும் தொடக்க ஆட்டத்தில் பெரும் உழைப்பைச் செலுத்தியவர்களே. ஆயினும் எந்த ஒரு தொடக்கமும் எவரையும் சாம்பியன் ஆக்கியதில்லை. தமக்குப் பொருந்தும், எதிராளிக்குப் பொருந்தாத நிலைக்குச் செல்லும் வழியாகவே அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். மனப்பாடம் செய்த நகர்வுகள் தேய்மானத்துக்கு உட்பட்டவை. எதிராளி ஒருமுறை அறிந்துகொண்டால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடும். ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் ஆற்றலோ ஆண்டுதோறும் வளரும் வைப்புத்தொகை.

ஆகவே தொடக்க நிலையிலுள்ள பிள்ளைக்கு, வெள்ளைக் காய்களுடன் ஆட ஒரு வழி, கறுப்புடன் ஆடும்போது ராஜாவின் சிப்பாய்க்கு ஒரு மறுமொழி, ராணியின் சிப்பாய்க்கு ஒரு மறுமொழி என மூன்று போதும். ஒவ்வொரு நகர்வும் ஏன் என்று பிள்ளை தமிழிலேயே விளக்கிச் சொல்ல இயல வேண்டும். சொல்ல முடியாத நகர்வு இன்னும் கற்கப்படவில்லை என்று பொருள். போட்டிகளில் நகர்வுகளை எழுதும் தாள்களைப் பத்திரப்படுத்தி, தோற்ற ஆட்டங்களை வீட்டில் மீண்டும் ஆடிப் பார்ப்பது செலவில்லாத பயிற்சி. பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன், எத்தனை ஓப்பனிங் கற்பிப்பீர்கள் என்று கேட்பதைவிட, இறுதிக் கட்ட ஆட்டத்துக்கு எத்தனை வகுப்புகள் என்று கேட்பது நன்று.

செலவின் வரிசையையும் சற்று மாற்றலாம். விலையுயர்ந்த ஓப்பனிங் தொகுப்புகளுக்கு ஆகும் பணத்தை, போட்டிகளுக்குச் சென்றுவரும் பயணத்துக்கு ஒதுக்குவது பயன் தரும். பாலக்காட்டுப் பிள்ளைக்குக் கோவையும் திருச்சூரும், குமுளிப் பிள்ளைக்குக் கம்பமும் தேனியும் எட்டும் தொலைவே. மாதந்தோறும் ஒரு சிறு தொடர் வைப்பு, ஆண்டின் போட்டிப் பயணங்களைக் கடனின்றித் தாங்கும். மருத்துவரான குகேஷின் தந்தை மகனோடு பயணம் செய்வதற்காகத் தம் தொழிலையே நிறுத்திவைத்தார். எல்லாக் குடும்பங்களாலும் அவ்வாறு செய்ய இயலாது. செய்ய வேண்டியதும் இல்லை. பிள்ளையின் ஆர்வம் வளர வளரச் செலவையும் படிப்படியாக உயர்த்துவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது.

முன்மாதிரிகள் வெகுதொலைவிலும் இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய இரண்டாம் அணியில், முதல் பலகையில் சென்னையின் குகேஷும் இரண்டாம் பலகையில் திருச்சூரின் நிகால் சரினும் தனிநபர் தங்கம் பெற்றனர். பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டத்தின் பிள்ளை நிகால். அதே திருச்சூர் மாவட்டத்தின் மரோட்டிச்சால் கிராமத்தில், மதுப் பழக்கத்திலிருந்து மீள ஊரே சதுரங்கத்தைக் கைக்கொண்டது பலரும் அறிந்த செய்தி. அங்கு ஆடுவோரில் பலருக்குத் தாங்கள் ஆடும் தொடக்கத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பலகை, 32 காய்கள், எதிரே அமர ஒரு துணை: இவ்வளவே தொடக்க மூலதனம். அடுத்த விடுமுறை நாளில் பிள்ளையின் எதிரே பெற்றோரே அமரலாம். பத்தாவது நகர்வில் நிறுத்தி, இப்போது உன் திட்டம் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம்.